தாவரவியல்ல பிஎச்டி பண்ணணுமா? பஸ்ல போய்ப் பாக்குற தூரத்துல இருக்க செடியில இருந்து ஆரம்பிங்க

எம்எஸ்சி பாட்டனி முடிச்சுட்டு அடுத்து பிஎச்டி பண்ணலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்க தம்பி தங்கச்சிகளுக்காக இத எழுதுறேன், அதுலயும் உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துல இருந்து மதுரைக்கு பஸ் ஏறி வந்து படிச்சவங்களுக்கு. எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிச்ச மொத ஆளு நான்தான், பிஎச்டின்னா என்னா, யாரப் போய்ப் பாக்கணும், எங்க அப்ளை பண்ணணும்னு சொல்ல ஆள் இல்லாம ஒன்னரை வருசம் அங்கிட்டும் இங்கிட்டும் அலைஞ்சேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

படி 1: தகுதி இருக்கான்னு பாத்துக்கங்க

எம்எஸ்சில 55 சதவீதம் வேணும். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50 போதும். நாலு வருச டிகிரி முடிச்சவங்க 75 வச்சிருந்தா எம்எஸ்சி இல்லாமயே நேரா வரலாம், இது யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2022ல கொண்டு வந்த விதி. எம்பில் இப்ப இல்ல, அதத் தேடாதீங்க.

இங்க நம்ம ஊர்ப் பிள்ளைங்க நெறைய பேரு கோட்டை விடுற எடம் ஒன்னு இருக்கு. நம்ம கையில இருக்க பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் வேற, நெட் பரீட்சைக்கு, அதாவது தேசியத் தகுதித் தேர்வுக்கு, கேக்குற மத்திய அரசு ஓபிசி சான்றிதழ் வேற. அத இ-சேவை மையத்துல தனியா அப்ளை பண்ணி வாங்கணும், பரீட்சைக்கு அப்ளிகேசன் வந்தப்பறம் ஓடுனா நேரம் பத்தாது, இப்பவே வாங்கி வச்சிருங்க.

படி 2: பரீட்சைக்கு முன்னாடி செடி

எல்லாரும் மொதல்ல நெட் எழுது, அப்பறம் கைடு, அப்பறம் தலைப்புன்னு சொல்லுவாங்க. நான் மாத்திச் சொல்றேன். மொதல்ல ஒரு செடியப் புடிங்க. ஏன்னா கைடு ரூம்ல போய் ஒக்காந்தவொடனே அவர் கேக்குற மொத கேள்வி "என்ன பண்ணலாம்னு இருக்கீங்க"ன்னுதான், அதுக்கு "நீங்க சொல்றதப் பண்றேன் சார்"னு சொன்னா அவர் அப்ப என்ன புராஜெக்ட் வச்சிருக்காரோ அது உங்க தலையில வந்து ஒக்காந்துரும், அஞ்சு வருசம் அதோடதான் குடும்பம் நடத்தணும்.

எந்தச் செடி? உங்களால வாரம் ரெண்டு தடவ காசு செலவில்லாம போய்ப் பாக்க முடியுற செடி. கூடப் படிச்சவ ஒருத்தி எங்கயோ தூரத்து மலை உச்சியில இருக்க ஒரு ஆர்க்கிட எடுத்தா, அழகான செடிதான், ஆனா வருசத்துல சில வாரந்தான் பூக்கும், பெர்மிசன் வாங்கி ஜீப்பு புடிச்சு மேல போறதுக்குள்ள பூ முடிஞ்சிரும். ரெண்டு வருசம் அப்படியே போச்சு.

நான் எடுத்தது எருக்கு. ஆமா, ரோட்டோரம் நிக்குமே அதே எருக்குதான், கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா. எங்க அப்பத்தாகிட்ட சொன்னப்ப "எருக்கஞ்செடியப் படிக்கவா பட்டணத்துக்குப் போன"ன்னு கேட்டுச்சு. பெரியார்ல பஸ் ஏறுனா நாகமலை அடிவாரத்துல எறங்கி அஞ்சு நிமிசம் நடந்தா என் செடி. யாருகிட்டயும் அனுமதி வாங்க வேண்டியதில்ல, வருசம் பூரா பூக்கும்.

செடி கெடச்சதும் கேள்வி. கேள்விய லைப்ரரியில தேடாதீங்க, செடி முன்னாடி போய் நில்லுங்க. எருக்கு கொத்துக்கொத்தா பூக்குது, ஆனா காய் எண்ணிப் பாத்தா விரல் விட்டுறலாம். இம்புட்டு பூ பூத்து ஏன் இத்துனூண்டு காய் புடிக்குது? இதான் என் கேள்வி. ஒரு பூவப் பறிச்சு நடுவுல கிரீடம் மாதிரி நிக்குதுல்ல, அந்த அஞ்சு மூலையில ஏதாச்சும் ஒரு மூலையில குண்டூசி முனைய மெதுவா விட்டு மேல இழுங்க. ஊசியில கருப்பா ஒரு சின்ன கிளிப்பு மாட்டிக்கிட்டு வரும், அதுல ரெண்டு பக்கமும் மஞ்சளா மெழுகு மாதிரி பை தொங்கும். அதான் பொல்லினியா. மத்த பூவுல மகரந்தம் பொடியா கையில ஒட்டும், எருக்குல மொத்தமும் பையில கட்டி வச்சிருக்கு. பெரிய கருப்பு வண்டு, மரத்தத் தொளச்சு கூடு வைக்குமே அது, தேன் குடிக்க வர்றப்ப அந்தக் கிளிப்பு காலுலயோ வாயிலயோ மாட்டிக்கிட்டு, அடுத்த பூவுல சரியா அந்த இடுக்குக்குள்ள போய்ச் சொருகுனாத்தான் காய். இத மொத தடவ லென்ஸ் வச்சு பாத்த அன்னைக்கு எனக்கு மதியச் சாப்பாடே மறந்து போச்சு. உங்களுக்கும் அப்படி ஒரு செடி கெடைக்கணும், கெடைக்கிற வரைக்கும் படி 3க்குப் போகாதீங்க.

ஒரு எச்சரிக்கை, எருக்கம்பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து, பூவப் பிரிக்கிறப்ப கண்ணாடி போட்டுக்கங்க, அந்தக் கையோட கண்ணத் தேய்க்காதீங்க.

எருக்குதான் வேணும்னு இல்ல. சீமைக்கருவேலத்துக்கு அடியில மத்த விதை ஏன் சரியா மொளைக்க மாட்டேங்குதுங்குறது ஒரு கேள்வி. 2013ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம மதுரை மல்லி சாயங்காலம் விரியுறப்ப வாசம் ஏன் தூக்கலா இருக்குங்குறது ஒரு கேள்வி, மொட்டு பறிக்கிறவங்க விடியுறதுக்கு முன்னாடியே டார்ச் கட்டிக்கிட்டு தோட்டத்துல எறங்கிருவாங்க, நீங்களும் வெள்ளன எந்திரிச்சாதான் அது ஆகும். சிறுமலை வாழையக் கொன்ன முடிக்கொத்து நோய் இன்னொன்னு.

படி 3: நெட்

சிஎஸ்ஐஆர் நெட்ல, அதாவது அறிவியல் பாடங்களுக்கான நெட்ல, பாட்டனின்னு தனிப் பேப்பர் கிடையாது, லைஃப் சயின்சஸ்தான். 3 மணி நேரம், 200 மார்க். ஏ பகுதியில 20 கேள்வியில 15, பி பகுதியில 50ல 35, சி பகுதியில 75ல 25 எழுதுனாப் போதும். சி பகுதி ஒவ்வொன்னும் 4 மார்க், பாதி மார்க் அங்கதான். தப்புக்கு கால்வாசி மார்க் போகும். சிலபஸ் 13 யூனிட், அத்தனையும் படிக்கணும்னு நெனச்சு ஒக்காந்தா ஒன்னும் ஓடாது. தாவர உடலியல், உயிர்களோட பல்வகைமை, சூழலியல், பரிணாமம், ஆய்வு முறைகள், இந்த அஞ்சையும் கரைச்சுக் குடிங்க, அதுக்கு மேல மாலிக்குலர் பயாலஜி அடிப்படை. ஏ பகுதிய லேசா விடாதீங்க, அது பத்தாங்கிளாஸ் கணக்கும் யோசனையுந்தான், நம்ம பிள்ளைங்க அதப் பாக்காம போய் 20 மார்க்க விட்டுட்டு வர்றாங்க.

ஜேஆர்எஃப், அதாவது நெட்ல நல்ல மார்க் எடுத்தவங்களுக்குக் குடுக்குற ஆராய்ச்சி உதவித்தொகை, கெடச்சா மொத ரெண்டு வருசம் மாசம் 37,000, அப்பறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வீட்டுல "இன்னும் எத்தன வருசம் படிப்ப"ன்னு கேக்குறவங்க வாய அடைக்கிறது இந்தக் காசுதான். ஜேஆர்எஃப் வரலைன்னாலும் 2024ல இருந்து பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும்னு ஒரு தகுதி இருக்கு, அந்த ஸ்கோர் ஒரு வருசம் செல்லும், அதுல சேர்றப்ப பரீட்சைக்கு 70, நேர்காணலுக்கு 30னு கணக்கு. ஆனா ஒன்னு, அதுல உதவித்தொகை வராது. கேட் பரீட்சையும் எழுதி வைங்க, அந்த ஸ்கோர் 3 வருசம் செல்லும்.

படி 4: கைடு

எனக்கு பத்து மாசம் வீணாப் போன எடம் இது. ஒரு பேராசிரியர்கிட்ட போனேன், நல்லாப் பேசுனார், "பாக்கலாம்மா"ன்னார், மாசாமாசம் போய் நின்னேன், கடைசியில பாத்தா அவர்கிட்ட எடமே இல்ல, எல்லாம் நெரம்பி இருக்கு. மொத நாளே கேட்டிருக்கணும், கேக்குறது மரியாதைக் குறைவுன்னு நெனச்சேன். நீங்க கேளுங்க. பேராசிரியர் ஒரு நேரத்துல 8 பேர வச்சுக்கலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. ரிட்டயர்மெண்டுக்கு 3 வருசத்துக்குக் கம்மியா இருந்தா புதுசா ஆள் எடுக்க முடியாது. "சார், இந்த வருசம் வேகன்சி இருக்குங்களா, உங்க சர்வீஸ் எந்த வருசம் வரைக்கும் இருக்கு"ன்னு பணிவா கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

போறதுக்கு முன்னாடி ஷோத்கங்கா வெப்சைட்ட தெறந்து அந்த கைடு பேரப் போட்டுத் தேடுங்க. அவர்கிட்ட முடிச்சவங்களோட தீசிஸ் முழுசா கெடைக்கும். நன்றி சொல்ற பக்கத்தையும், எந்த வருசம் பதிஞ்சு எந்த வருசம் முடிச்சாங்கங்குறதையும் பாருங்க. அப்பறம் அந்த லேப்ல இப்ப இருக்க ஸ்காலர் ஒருத்தரோட டீக்கடையில நின்னு பத்து நிமிசம் பேசுங்க. கைடு பேப்பரத் திருத்திக் குடுக்க எத்தன நாள் ஆகும், லேப்ல கெமிக்கல் வாங்க காசு இருக்கா, லீவு போட்டா என்ன ஆகும். எந்த ராங்க் லிஸ்ட்டும் இதச் சொல்லாது.

மதுரையில எங்க பாக்குறதுன்னா, காமராசர் பல்கலைக்கழகம் 1966ல இருந்து இருக்கு, பல்கலைநகர்லயே தாவர அறிவியல் துறை. பழைய காலேஜ்கள்ள அமெரிக்கன் காலேஜ், லேடி டோக், தியாகராசர் இருக்கு, அங்கல்லாம் கைடுஷிப் உள்ளவங்க யாருன்னு நேர்ல போய்த் தெரிஞ்சுக்கங்க. அக்ரி படிச்சவங்களுக்கு ஒத்தக்கடை வேளாண் கல்லூரி.

படி 5: சேந்தப்பறம் மொத வருசம்

கோர்ஸ்வொர்க் கொறஞ்சது 12 கிரெடிட், 55 சதவீதம் எடுக்கணும், அதுல ஆய்வு நெறிமுறைன்னு ஒரு பேப்பர் இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ ஆலோசனைக் கமிட்டி முன்னாடி போய்ச் சொல்லணும். பெருசா ஒன்னுமில்ல, ஒழுங்கா போனா முடிஞ்சிரும். இந்த வருசத்துலயே டேட்டாவ அலசுற ஆர் (R) சாஃப்ட்வேர் கத்துக்கங்க, பின்னாடி கணக்குப் போட காசு குடுத்து ஆள் தேடாதீங்க, உங்க டேட்டாவ உங்களுக்குத்தான் தெரியும்.

படி 6: களத்துல

மொத வேலை, உங்க செடி உண்மையிலயே அந்தச் செடிதான்னு உறுதி பண்றது. பூவும் காயும் இருக்க கிளைய வெட்டி, நியூஸ் பேப்பர்ல விரிச்சு, ஒரு இலைய மட்டும் திருப்பி வச்சு, அதாவது அடிப்பக்கம் தெரியுற மாதிரி, மேல பேப்பர் அடுக்கி பிரஸ்ல இறுக்கிக் கட்டுங்க. எருக்கு மாதிரி தடிச்ச இலை சீக்கிரம் காயாது, பேப்பர தெனமும் மாத்தணும். தெனமும்னா தெனமும்தான். எம்எஸ்சி படிக்கிறப்ப ஐப்பசி மழையில மொளச்ச சின்னச் சின்னச் செடியா சேத்து கட்டி வச்சுட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போனேன், வந்து பிரிச்சா பூரா பூஞ்சக்காளான். அதெல்லாம் அந்த மழைக்கு மட்டும் தலை காட்டுற செடி, மறுபடி எடுக்க அடுத்த ஐப்பசி வரைக்கும் காத்திருந்தேன்.

காஞ்சத அட்டையில தச்சு, எடம், தேதி, பூவோட நெறம், செடி ஒசரம், உங்க பேரு, நம்பர் எழுதுங்க. நெறம் காஞ்சா போயிரும், அதனால அங்கயே எழுதிருங்க, பென்சில்ல எழுதுங்க, பேனா மழையில அழிஞ்சிரும். பேர் சரியான்னு பாக்க கேம்பிளோட பழைய சென்னை மாகாணத் தாவர நூலும், மேத்யூவோட 'தமிழ்நாடு கர்நாடிக்' தாவர நூலும் நம்ம பக்கத்துக்கு நல்லா ஒதவும். உறுதிப்படுத்த கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இருக்க இந்திய தாவரவியல் ஆய்வக தென் மண்டல மையத்துக்குக் கொண்டு போகலாம், பக்கமா வேணும்னா திருச்சி செயிண்ட் ஜோசப் காலேஜ்ல, காஞ்ச செடி மாதிரிகளச் சேத்து வச்சிருக்க ராபினாட் ஹெர்பேரியம்.

அழகர்மலை, சிறுமலை மாதிரி காப்புக்காட்டுக்குள்ள போறதுன்னா கைடு மூலமா வனத்துறைக்கு லெட்டர் போட்டு அனுமதி வாங்கிட்டுப் போங்க. அரிட்டாபட்டி 2022ல தமிழ்நாட்டோட மொத பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச எடம், அங்க கேக்காம ஒரு இலையையும் கிள்ளாதீங்க.

அடுத்து ஊர்க்காரங்ககிட்ட பேசுங்க. நான் நாகமலைப் பக்கம் 12 செடியில பூக்கொத்துக்கு நூல் கட்டி, சிலதுக்கு வலைத்துணிப் பை போட்டு, வண்டு வந்தா எவ்வளவு காய், வராட்டி எவ்வளவுன்னு எண்ணிக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில போறேன், ஒரு கொத்து இல்ல. பையெல்லாம் கீழ கெடக்கு, நூல் மட்டும் காம்புல தொங்குது. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. எருக்கமாலை கட்ட விடியக்காலையிலயே வந்து பறிச்சுட்டுப் போயிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல ஒன்னுமில்ல, வருசா வருசம் அங்கதான் பறிப்பாங்களாம், நாந்தான் கேக்கல. அன்னைக்கு அந்த மண்ணுல ஒக்காந்து அழுதேன். அப்பறம் அங்க ஆடு மேய்க்கிற அக்காகிட்ட பேசி, எந்தச் செடியில பறிப்பாங்க, எதுல பறிக்க மாட்டாங்கன்னு கேட்டு, யானைமலைப் பக்கம் ரெண்டாவது எடமும் புடிச்சு, மறுபடி மொதல்ல இருந்து எண்ணுனேன். செடி பஸ் தூரத்துல இருந்ததாலதான் அது முடிஞ்சது, தூரத்து மலையில இருந்திருந்தா ஒரு வருசம் போயிருக்கும். நீங்க ஆரம்பத்துலயே ரெண்டு எடம் எடுங்க, அந்த ஊர்த் திருவிழாத் தேதிய நோட்டோட மொதப் பக்கத்துல எழுதி வைங்க, நோட்ட தெனமும் ராத்திரி போன்ல போட்டோ எடுத்து மெயில்ல போட்டுருங்க.

படி 7: எழுதி முடிக்கிறது

கொறஞ்சது 3 வருசம், அதிகபட்சம் 6 வருசம், மறுபதிவு பண்ணா இன்னும் 2. பொம்பளப் பிள்ளைங்களுக்கு அதுக்கும் மேல 2 வருசம் சலுகை இருக்கு, பிரசவத்துக்கும் பிள்ளையப் பாத்துக்கவும் 240 நாள் வரைக்கும் லீவு கெடைக்கும், கல்யாணமாச்சுன்னா விட்டுறணும்னு யாராச்சும் சொன்னா இந்த விதியக் காட்டுங்க. காசு குடுத்தா ஒரு வாரத்துல பேப்பர் போடுற ஜர்னல் பக்கம் போகாதீங்க. தீசிஸ்ல காப்பி சதவீதம் 10க்குள்ள இருக்கணும், எழுதுறப்பவே சொந்த வார்த்தையில எழுதிட்டா கடைசியில மல்லுக்கட்ட வேண்டாம்.

வெளியில இருந்து கொறஞ்சது ரெண்டு பேரு தீசிஸப் படிச்சு அறிக்கை அனுப்புவாங்க, அப்பறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. வைவாவுல உங்க செடிய அந்த ரூம்ல உங்கள விட அதிகமா பாத்தவங்க யாருமில்ல, அத நெனச்சுக்கிட்டு நிதானமா பேசுங்க. முடிஞ்சதும் குடுக்குற புரொவிஷனல் சர்ட்டிபிகேட்ட வாங்குறப்ப, யூஜிசி விதிப்படி வாங்குன பட்டம்னு எழுதிருக்கான்னு கவுண்டர்லயே நின்னு படிச்சுப் பாத்து வாங்குங்க, பின்னாடி காலேஜ் வேலைக்கு அப்ளை பண்றப்ப அதத்தான் கேப்பாங்க.