நியூசிலாந்தில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையிலிருந்து போய், டனீடன் நகரத்தில் ஒரு குடும்பத்தோடு ஓர் ஆண்டு தங்கிப் படித்தேன். முதல் நாள் இரவு பசியோடுதான் படுத்தேன். அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆட்டிறைச்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் மேசையில் இருந்தன. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். 'வேண்டாம், போதும்' என்றேன். நம் ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. மறுபடி கேட்பார்கள், 'சும்மா சாப்பிடு மக்கா' என்று சொல்லிக்கொண்டே கரண்டியை எடுப்பார்கள், தட்டைக் கையால் மறைத்தாலும் ஒரு துண்டு மீன் எப்படியாவது வந்து விழும். அவரோ சரி என்று தலையசைத்துவிட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டார்.

அவர் என் வார்த்தையை அப்படியே நம்பினார். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இரண்டாம் முறை வற்புறுத்துவதை அநாகரிகம் என்று நினைக்கிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் படிக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் கேட்கும்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன். மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இதன் மறுபக்கம் பேசாமல் இருப்பது. பெரியவர்கள் வீட்டில் எதையும் கேட்டு வாங்கக் கூடாது, கொடுத்ததை வைத்துச் சமாளிக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாம். அந்த வீட்டில் நாம் பேசாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றோ, நமக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்றோ எடுத்துக்கொள்வார்கள். கூடுதலாக ஒரு போர்வை கேட்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. கேட்டதும் அலமாரியைத் திறந்து இரண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வருத்தப்பட்டார். நம் தலையாட்டலும் அவர்களுக்குப் புரியாது. ஆமாம் என்று நாம் ஆட்டுவது அவர்கள் கண்ணுக்கு இல்லை என்பதுபோலத் தெரியும். வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன் நிரப்பும் படிவத்தில் உணவு பற்றிக் கேட்பார்கள். அங்கே 'எதுவும் சாப்பிடுவேன்' என்று எழுதாதீர்கள். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி சாப்பிட மாட்டீர்கள் என்றால், முட்டை ஒத்துக்கொள்ளாது என்றால், அதை அப்படியே எழுதுங்கள். அதை வைத்துத்தான் உங்களுக்கு வீடு பார்ப்பார்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அந்தக் குடும்பம் ஏற்கெனவே வாங்கி வைத்த பொருளெல்லாம் வீண்.

விமானத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு. நம் வீட்டு அம்மாக்கள் பெட்டியில் மார்த்தாண்டம் தேன் ஒரு குப்பி வைக்காமல் விடுவதில்லை. நியூசிலாந்துக்குள் தேன் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டுத் தேன் வழியாகத் தங்கள் தேனீக்களுக்கு நோய் வந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் மிகவும் கண்டிப்பு. பச்சைக் கறிவேப்பிலை, விதைகள் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், ஊறுகாய், அன்பளிப்பாக வாங்கிய சங்கு, பனையோலைப் பெட்டி என்று எது இருந்தாலும் நுழைவுப் படிவத்தில் உண்மையைக் குறிப்பிடுங்கள். எழுதிக் கொடுத்த பொருளை அதிகாரிகள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது. இல்லை என்று எழுதிவிட்டு பையில் இருந்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் கட்ட வேண்டி வரும். அந்தப் படிவத்தை இப்போது இணையத்தில் இலவசமாகவே நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்றால் ஒரு நல்ல கைத்தறித் துண்டு போதும், சுமையும் இல்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு வருகிறேன். அங்கே இரவுச் சாப்பாடு மாலை ஆறு, ஆறரைக்கே முடிந்துவிடும். அதைப் பல வீடுகளில் 'டீ' என்பார்கள். 'ஆறு மணிக்கு டீ' என்றால் ஒரு கோப்பைத் தேநீர் என்று நினைத்து வெளியில் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. அதேபோல 'பிரிங் எ பிளேட்' என்று விருந்துக்கு அழைத்தால் வெறும் தட்டைக் கொண்டுபோகக் கூடாது. எல்லாரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது சமைத்தோ வாங்கியோ கொண்டுவாருங்கள் என்று அர்த்தம்.

வரத் தாமதமாகும் என்றால் மதியமே ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். நம் வீட்டில் சோறு எப்போதும் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கும், பானையை மூடி வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அங்கே தலையை எண்ணித்தான் சமைப்பார்கள். சொல்லாமல் வராமல் போனால் வீணானது சாப்பாடு மட்டும் அல்ல, உங்களைக் காணோமே என்ற கவலையும் அவர்களுக்குச் சேர்ந்துவிடும். நான் ஒருமுறை நூலகத்தில் இருந்துவிட்டு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, அந்த அம்மா சன்னல் அருகே நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

குளியலறையில் இரண்டு விஷயம். நாம் தரை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள். அங்கே பல வீடுகளில் தரை மரத்தில் இருக்கும், தண்ணீர் போக தரையில் வழியே இருக்காது. தடுப்புக்குள் நின்று குளித்துவிட்டு வெளியே ஈரம் இருந்தால் துடைத்துவிடுங்கள். இரண்டாவது, பெரும்பாலான வீடுகளில் வெந்நீர் ஒரு தொட்டியில் சேமிப்பாக இருக்கும், 135 அல்லது 180 லிட்டர். நீங்கள் இருபது நிமிடம் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். ஜூலை மாதத்தில் டனீடனில் அது பெரிய கொடுமை. ஐந்தாறு நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். வீடு முழுவதையும் சூடாக்கும் வழக்கம் அங்கே குறைவு. கூடத்தில் மட்டும் ஹீட்டர் ஓடும், படுக்கையறை சில்லென்று இருக்கும். வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம். அறைக்கதவைத் திறந்து போட்டு இரவு முழுக்க ஹீட்டரை ஓடவிட்டால் மின்கட்டணம் அவர்கள் தலையில் விழும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவதும் தவறு, சுவரில் பூஞ்சை பிடித்துவிடும்.

சமைக்க ஆசை வரும், வரத்தான் செய்யும். எந்த நாளில் அடுப்பு காலி என்று கேட்டுக்கொண்டு, கடுகு தாளிக்கும் முன் சன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலுள்ள மின்விசிறியைப் போடுங்கள். இல்லையென்றால் புகை எச்சரிக்கைக் கருவி அலறிவிடும். கருவாடு பொரிப்பதை மட்டும் கேட்காமல் செய்ய வேண்டாம். அந்த வாசனை நமக்கு வீடு, அவர்களுக்கு மூன்று நாள் போகாத நாற்றம். சமைத்ததில் ஒரு பங்கை மேசையில் வையுங்கள். என் மீன் குழம்பை அந்த வீட்டுப் பிள்ளைகள் ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார்கள்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போவது நமக்குப் பழக்கமே, அங்கும் பல வீடுகளில் அப்படித்தான். சாப்பாட்டு மேசையின் மேல் உட்காராதீர்கள். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் அதைப் பெரிய அவமதிப்பாகக் கருதுகிறார்கள். வீட்டுக்காரர்களைப் பெயர் சொல்லியே கூப்பிடலாம். சார், மேடம் என்றால் தள்ளி நிற்பதுபோல் தோன்றும்.

ஊருக்குப் பேசும் நேரம் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்து நமக்கு ஆறரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. செப்டம்பர் கடைசி ஞாயிறு முதல் ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஏழரை மணி நேரம். நாகர்கோவிலில் இரவு ஒன்பதுக்கு வேலையெல்லாம் முடித்து அம்மா கூப்பிட்டால் அங்கே விடியற்காலை மூன்றரை அல்லது நாலரை. மெல்லிய மரச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். இங்கே மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணிக்குப் பேசினால் அங்கே இரவு எட்டரை அல்லது ஒன்பதரை, அதுதான் சரியான வேளை.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சமூக வலைத்தளத்தில் அறை காட்டி முன்பணம் கேட்பவர்களுக்கு அனுப்பாதீர்கள். கல்வி நிறுவனம் மூலமாகவே வீடு பாருங்கள். வாரக் கட்டணம், எத்தனை வேளை சாப்பாடு, வீடு மாற எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். கட்டணமும் கொடுத்துக்கொண்டு தினமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் உங்கள் மேல் விழுந்தால், அது ஒப்பந்தத்தில் இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

எல்லா வீடும் நல்ல வீடாக அமைந்துவிடாது. போதிய சாப்பாடு தராமல் இருப்பது, அறைக்குள் கேட்காமல் நுழைவது, பயமுறுத்தும் பேச்சு, இவை எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த நாட்டில் வெளிநாட்டு மாணவர் நலனுக்கென்றே அரசு விதிமுறை இருக்கிறது. உங்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அதற்குப் பொறுப்பு. 18 வயது நிரம்பாத மாணவர்களை ஒரு வீட்டில் வைக்கும் முன் அந்த வீட்டுப் பெரியவர்கள் பற்றிய காவல்துறைச் சரிபார்ப்பும் உண்டு. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் 111-ஐ அழையுங்கள். மகள் தொலைபேசியில் 'வீடு மாறணும்' என்றால், ஊரில் என்ன பேசுவார்களோ என்று நினைத்து 'கொஞ்சம் பொறுத்துக்கோ மக்களே' என்று சொல்லிவிடாதீர்கள். என்ன நடந்தது என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.