உங்கள் கேட்டை ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமெல்லாம், மோட்டார் வைத்த தள்ளு கேட் வைத்திருக்கிறவர்கள் நிறைய, ரிமோட்டை அமுக்கி மூடிவிட்டால் சரி என்று இருந்துவிடுகிறோம். ஆனால் தடுப்பு இல்லாத கேட்டை இரண்டு பேர் கீழிருந்து நெம்பித் தூக்கினால் அதன் பற்சட்டம் மோட்டாரின் பல்சக்கரத்தை விட்டு விலகிவிடும், அப்புறம் கையால் தள்ளினாலே திறந்துகொள்ளும். இப்போதே வெளியே போய்த் தூக்கிப் பாருங்கள். எழும்பினால், வெல்டிங் வேலை செய்பவரைக் கூப்பிட்டு, மேலே எழாதபடி ஒரு இரும்புப் பட்டை பொருத்தச் சொல்லுங்கள், சின்ன வேலைதான்.

அலாரம் பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியையும் மறக்காதீர்கள். அடிக்கடி கரண்ட் போனால் அது சீக்கிரம் செத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, ஒரு பகலில் மெயின் சுவிட்சை அணைத்து, சில மணி நேரமாவது தாங்குகிறதா என்று பாருங்கள்.

காவடிக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பினால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரும்பும்போது கேட் திறந்து கிடந்தால் தயவுசெய்து உள்ளே போகாதீர்கள், தள்ளி நின்று போலீஸின் அவசர எண் 10111-க்குப் போன் பண்ணுங்கள்.