‘அஞ்சு’ புரியாத ஹெட்செட்
மன்னார்குடி பக்கம் ஆலையை ஒட்டிய அரிசி குடோனில் ஸ்டாக் பார்க்கிறேன். லோடுக்குச் சிப்பம் (அரிசி மூட்டை) எடுப்பவர் கையில் ஸ்கேனர், தலையில் ஹெட்செட். எந்த அட்டிக்கு, அதாவது மூட்டை அடுக்குக்கு, போக வேண்டும் என்று ஹெட்செட் சொல்லும். அங்கே பலகையில் உள்ள இரண்டு இலக்க எண்ணைச் சொன்னால்தான் எத்தனை சிப்பம் என்று சொல்லும்.

குறுவை வரத்து நேரத்தில் ரொம்பப் படுத்தியது. “மறுபடியும் சொல்லவும்” என்றே நின்றது. தொண்டை கட்டிப்போன மூத்த அண்ணன், “தம்பி, எனக்குப் பேப்பரையே கொடுப்பா” என்றார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்கள் கருவி அவரவர் பதிந்த குரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வகை. ஆபீஸ் அறையில், திரையைப் பார்த்து அவர் ‘ஐந்து’, ‘ஒன்பது’ என்று வாசித்துப் பதிந்திருக்கிறார். வேலையில் அவர் சொல்வதோ ‘அஞ்சு’, ‘ஒம்போது’. கூடவே எலிவேட்டர் மோட்டார் இரைச்சல் வேறு.

பழையதை அழித்தேன். மோட்டார் ஓடும்போதே, அட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, அவர் பேசுகிறபடியே பதியச் சொன்னேன். தவிடு அடைத்த மைக் பஞ்சை மாற்றி, மைக்கை வாயோரம் இரண்டு விரல் தள்ளி வைத்தேன். “அஞ்சு, ஏழு” என்றார். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

ஸ்கேனர் தகராறு சின்னதுதான். கண்ணாடியில் படிந்த தவிட்டை மெல்லிய துணியால் துடைத்தேன். பார்கோடு மேல் ஒட்டியிருந்த பளபளா டேப்பையும் எடுத்துவிட்டேன். வெளிச்சம் பட்டு அது கூசுகிறது.