தாது வருஷப் பஞ்சம் உங்கள் ஊரை என்ன செய்தது? தேடிப் பார்க்கும் முறை

முதலில் ஆண்டை உறுதி செய்யுங்கள். தமிழ் ஆண்டுகளில் பிரபவ முதல் எண்ணினால் தாது பத்தாவது, அந்தச் சுற்றில் பிரபவ 1867-ல் பிறந்தது. 1866-உடன் 10-ஐக் கூட்டினால் 1876. ஆனால் அறுபது ஆண்டுச் சுற்று என்பதால் 1936-ம் தாதுதான். பெரியவர்களிடம் "எந்த வருஷம்" என்று கேட்காமல், "அப்போது உங்கள் வீட்டில் யார் பிறந்திருந்தார்கள்" என்று கேளுங்கள். தலைமுறைக் கணக்கு ஏமாற்றாது. பஞ்சம் அடுத்த ஈசுவர வருஷத்தையும் தாண்டி 1878 வரை இழுத்தது. தாதுவோடு தேடலை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து மக்கள்தொகைக் கணக்கு, வட ஆற்காட்டை வைத்துப் பார்ப்போம். 1871-ல் வட ஆற்காடு மாவட்டத்தில் சுமார் 20 லட்சம் பேர். 1881-ல் சுமார் 18 லட்சம். குறைந்தவர்கள் அத்தனை பேரும் செத்தவர்கள் அல்ல. பிறக்காத பிள்ளைகளும் பிழைப்புக்கு வெளியேறியவர்களும் அதில் அடக்கம்.

பலரும் சறுக்குவது மாவட்ட எல்லையில். 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆற்காட்டின் வடபகுதி அதற்குப் போனது. சேலத்தில் இருந்த திருப்பத்தூர் தாலுகா வட ஆற்காட்டுக்கு வந்தது. ஆகவே 1901, 1921 மாவட்ட எண்களை நேராக ஒப்பிட்டால் கணக்கு தப்பும், தாலுகா வாரியாகவே எடுங்கள். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய பாலாற்று வெள்ளத்தைப் பற்றித் தேடுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான்: வாணியம்பாடி அப்போது திருப்பத்தூர் தாலுகாவில் இருந்ததால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சேலம் மாவட்டக் கோப்புகளைக் கேட்க வேண்டும்.

"இந்த ஏரி பஞ்சத்தில் வெட்டினது" என்ற பேச்சை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். நிவாரண வேலையில் பழைய ஏரியைத் தூர்வாருவதும் கரையை உயர்த்துவதும் உண்டு. மதகிலிருந்து கலங்கல் (மிகைநீர் வழியும் இடம்) வரை கரையில் நடந்து, ஆண்டு பொறித்த கல் இருக்கிறதா பாருங்கள். கல்வெட்டு பஞ்சத்துக்கு முந்தியதாக இருந்தால் ஏரியும் முந்தியதுதான். கூலியைப் பற்றிய கதைகளுக்கும் அளவுகோல் உண்டு. 1877-ல், பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் குறைத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு (450 கிராம்) தானியமும் ஓர் அணாவும். நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு அது அரை வயிற்றுக்குக் காணாது.

"பஞ்சத்தில் தங்கவயலுக்குப் போனோம்" என்று ஒரு குடும்பம் சொன்னால், இடைவெளியைக் கவனியுங்கள். கோலார் தங்கவயலில் பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது 1880-களில்தான். பஞ்சத்தில் நிலம் போய், கூலியாகச் சில ஆண்டு இருந்து, பிறகு போயிருக்கலாம். அந்த நடுப்பகுதியில்தான் ஊர் மாறிய கதை இருக்கிறது. அதைப் பிடிக்க, சார்பதிவாளர் அலுவலகத்தில் 1876 முதல் 1880 வரையிலான பத்திரங்களுக்குத் தேடல் மனு போடுங்கள். பழைய தொகுதிகள் மாவட்டப் பதிவாளரிடம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஒரே ஆள் பெயருக்குத் துண்டு துண்டாக நிலம் சேர்ந்திருந்தால் பஞ்சத்தில் நிலம் கைமாறியதற்கு அது வலுவான தடயம். எதுவும் கிடைக்கவில்லை என்றால் நிலம் கைமாறவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்: 100 ரூபாய்க்குக் குறைந்த விற்பனையைப் பதிவு செய்யும் கட்டாயம் அப்போது இருக்கவில்லை, ஏழையின் காணி அந்த விலைக்குள்தான் போயிருக்கும்.