திரை வாசிப்பானை வீட்டுக் கணினியில் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பார்வை முற்றிலும் மங்கிய பிறகு, தம் வீட்டுக் கணினியில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் என்விடிஏ என்னும் திரை வாசிப்பானை நிறுவிக்கொண்டார். நிறுவிக் கொடுத்தவர் ஒரு கணினிக் கடைக்காரர். மூன்றாம் நாள் ஆசிரியர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஆங்கிலத்தையெல்லாம் கடகடவென்று படிக்கிறது, தமிழ் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது" என்றார். போய்ப் பார்த்தபோது மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. கடைக்காரர் கண்ணால் பார்த்து எல்லாவற்றையும் சரியாகத்தான் நிறுவியிருந்தார். ஆனால் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து, காதால் கேட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை.

திரை வாசிப்பான் அமைப்பில் நான் காணும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்தே கிளைக்கின்றன. கேட்கப்போகிறவர் ஒருவர், அமைப்பவர் வேறொருவர். அமைப்பவருக்குத் திரை தெரிவதால், குரல் எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது அவருக்குத் தெரிவதே இல்லை.

முதலில் மென்பொருளைப் பெறுவது பற்றிச் சுருக்கமாக. என்விடிஏ முற்றிலும் இலவசமானது. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் இதை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் டே பின்னர் அவருடன் இணைந்தார். இன்றும் அவர்கள் தொடங்கிய என்வி ஆக்சஸ் அமைப்பின் தளத்திலிருந்தே இதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். ஜாஸ் என்னும் மற்றொரு திரை வாசிப்பான் விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். உரிமம் இல்லாமல் இயக்கினால் நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் அது மீண்டும் வேலை செய்யும். அதன் பூட்டை உடைத்த பிரதியைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்து நிறுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கையும் கடவுச்சொல்லையும் காதால் கேட்டு இயக்குகிற ஒருவரின் கணினியில் யார் தொட்டது என்று தெரியாத மென்பொருளை ஏற்றுவது மிகுந்த ஆபத்து. இலவசமாகவே நல்ல கருவி கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

வரவேற்புப் பெட்டியைக் கடந்து ஓடுதல்

என்விடிஏ முதன்முறை இயங்கும்போது ஒரு சிறு வரவேற்புப் பெட்டி வருகிறது. அருகில் இருப்பவர் சுட்டியால் 'ஓகே' என்று அழுத்தி அதை மூடிவிடுவதுதான் வழக்கம். அந்தப் பெட்டியில் இருக்கும் கேள்விகள் சிலவே என்றாலும், அன்றாட வசதி அவற்றில்தான் அடங்கியிருக்கிறது. மேசைக் கணினிக்கான விசை அமைப்பா, மடிக்கணினிக்கானதா என்பது முதல் கேள்வி. மேசைக் கணினி அமைப்பு வலப்பக்க எண் விசைகளை நம்பியிருப்பது. அவை இல்லாத மடிக்கணினியில் அதைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கட்டளைகளுக்கு விசையே இராது. ஓர் எடுத்துக்காட்டு: தொடர்ந்து படிக்கச் சொல்லும் கட்டளை முதல் அமைப்பில் என்விடிஏ விசையுடன் (கட்டளைகளுக்காகச் சேர்த்து அழுத்தும் விசை; இயல்பாக இன்சர்ட்) கீழ் அம்பு; இரண்டாவதில் என்விடிஏ விசையுடன் 'ஏ'. ஒன்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு மற்றொன்றை அமைத்து வைத்தால், கற்பவர் தம் நினைவாற்றலைத்தான் நொந்துகொள்வார்.

அடுத்தது, கேப்ஸ் லாக் விசையையும் என்விடிஏ விசையாகப் பயன்படுத்தலாமா என்பது. இன்சர்ட் விசை எங்கோ மூலையில், சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்த வேண்டிய நிலையில் இருப்பதால், இதை ஆம் என்று குறிப்பதே பெரும்பாலோருக்கு நல்லது. குறித்த பிறகு, ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டும்போது கேப்ஸ் லாக்கை விரைவாக இருமுறை அழுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க மறக்கக் கூடாது. கணினிக்குள் நுழைந்ததும் தானாக இயங்க வேண்டுமா என்ற கேள்விக்கும் பயனரே பதில் சொல்லட்டும். எது எப்படியிருந்தாலும், கண்ட்ரோல், ஆல்ட், 'என்' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ மீண்டும் எழும் என்பது விரலுக்குப் பழகியிருக்க வேண்டும். நிறுவும்போது மேசைத்திரைக் குறுவழி வேண்டாம் என்று குறியை நீக்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுப்போகும்.

அமைதியைத் தவறாகப் புரிந்துகொள்ளுதல்

இனி ஆசிரியர் வீட்டுச் சிக்கலுக்கு வருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் என்விடிஏ இயல்பாக விண்டோஸின் ஒன்கோர் குரல்களையே எடுத்துக்கொள்கிறது. கணினி ஆங்கிலத்தில் அமைந்திருந்தால் குரலும் ஆங்கிலக் குரலாகவே இருக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தெரியாததை 'தெரியவில்லை' என்று சொல்லாமல், ஒன்றுமே இல்லாததுபோல் கடந்து போய்விடுகிறது. கேட்பவருக்கோ பக்கம் காலியாக இருப்பதாகத் தோன்றுகிறது. பார்வையற்ற பயனருக்கு இதைவிடத் தவறான செய்தி வேறில்லை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்து, அதனுடன் பேச்சுக் குரலையும் தரவிறக்கினால், 'வள்ளுவர்' என்ற பெயருள்ள ஆண் குரல் கிடைக்கும். என்விடிஏவை ஒருமுறை மூடித் திறந்தபின் அதன் குரல் பட்டியலிலும் அது வந்துவிடும். மற்றொரு வழி, என்விடிஏவுடனேயே வரும் ஈஸ்பீக் என்ஜி என்னும் பேச்சொலி இயந்திரம். என்விடிஏ, கண்ட்ரோல், 'எஸ்' மூன்றையும் அழுத்தினால் இயந்திரத்தை மாற்றும் பெட்டி திறக்கும். ஈஸ்பீக் இயந்திரத்தன்மை மிக்கது, கேட்டவுடன் பிடிக்காது. ஆனாலும் ஆங்கில எழுத்து வந்தால் ஆங்கிலமாகவும் தமிழ் எழுத்து வந்தால் தமிழாகவும் தானே மாறிப் படிக்கும்; மிக விரைவாகப் பேசவைத்தாலும் சொல் உடையாது. 'இது மனிதக் குரல்போல் இல்லை' என்று பார்வையுள்ள உறவினர் முகம் சுளித்து அதை மாற்றிவிடுவதை நான் ஒரு தவறாகவே கருதுகிறேன். நீண்ட நாவலுக்கு வள்ளுவரும், இரு மொழி கலந்த மின்னஞ்சலுக்கு ஈஸ்பீக்கும் என்று வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எது இனிமை என்பதைப் பத்து நாள் கேட்டபின் பயனரே முடிவு செய்ய வேண்டும்.

அமைதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். என்விடிஏ விசையுடன் 'எஸ்' அழுத்தினால் பேச்சு முறை மாறிக்கொண்டே போகும்: பேசுதல், கேட்டால் மட்டும் பேசுதல், பேசாமை, வெறும் பீப் ஒலி. சேமிக்க நினைத்துக் கண்ட்ரோலுக்குப் பதிலாகக் கேப்ஸ் லாக்கைத் தொட்டுவிட்ட விரல் இதைத் தற்செயலாகச் செய்துவிடும்; குரல் நின்றுபோனதும் மென்பொருளையே அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். பேச்சு திரும்பும்வரை அதே விசைகளை மீண்டும் மீண்டும் அழுத்தினால் போதும். தொலைக்காட்சியையோ புளூடூத் ஒலிபெருக்கியையோ இணைத்தபோது ஒலி அந்தப் பக்கம் போய்விடுவதும் அடிக்கடி நேர்வதே. முதல் சில வாரங்களுக்குக் கம்பியுள்ள காதொலிப்பானே நல்லது; புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், விசையை அழுத்தியதற்கும் கேட்பதற்கும் உள்ள தொடர்பு புதியவருக்குப் பிடிபடாது.

எதிர்ச்சிக்கலும் உண்டு: இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பேசுவது. விண்டோஸுடனேயே வரும் திரை வாசிப்பானான நரேட்டரும் என்விடிஏவும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்பதே அதன் பொருள். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்தினால் நரேட்டர் நின்றுவிடும். என்விடிஏ எழ மறுக்கும் அவசர நாளில் அதே விசைகளே கைகொடுக்கும் என்பதால், நரேட்டரை முடக்கிவைக்கத் தேவையில்லை.

பழைய எழுத்துருக் கோப்புகள்

தமிழ்ப் பயனர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு; ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் இதற்கு விளக்கம் கிடைக்காது. ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில் தட்டச்சு செய்துவைத்த கட்டுரைகளைத் திறந்தார். தமிழ்க் குரல் வந்துவிட்ட பிறகும், கணினி ஆங்கில எழுத்துகளைக் கொட்டியது. அவை பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. பாமினியில் 'அம்மா' என்ற சொல்லுக்குக் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள்தான். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் கண்ணுக்குக் காட்டுகிறது. திரை வாசிப்பானோ போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது.

இங்கே செய்யப்படும் தவறு, குரலை மாற்றிக்கொண்டே இருப்பது அல்லது கோப்பின் எழுத்துருவை லதா போன்ற ஒன்றுக்கு மாற்றுவது. இரண்டாலும் பயன் இல்லை. குறிகளையே ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இதற்கு உண்டு. மாற்றுவதற்கு முன் அசல் கோப்புக்கு ஒரு படி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ் எழுத்துகளாக மாறிப்போகும். வருடியில் வருடி எடுத்த பிடிஎஃப் கோப்பு இன்னொரு வகை: அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. அதைத் தமிழ் எழுத்துணரி ஒன்றின் வழியாக எழுத்தாக்கிய பிறகே கேட்க முடியும்.

வேகம், நிறுத்தற்குறி, அகராதி

கேட்பவருக்குப் புரியட்டும் என்று வேகத்தை மிகக் குறைத்துவைப்பது அன்பினால் செய்யப்படும் தவறு. முதல் வாரத்துக்கு அது சரி; ஆறு மாதம் அதே வேகத்தில் விட்டுவைத்தால் ஒரு மின்னஞ்சலைப் படிக்கவே அலுப்புத் தட்டும். வாரம் ஒருமுறை சிறிது கூட்டிக்கொண்டு போகலாம். கண்ட்ரோல் விசை பேச்சை உடனே நிறுத்தும், ஷிஃப்ட் விசை இடைநிறுத்தி மீண்டும் தொடரும் என்பதை முதல் நாளே கற்பித்துவிட்டால், வேகத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

ஒவ்வொரு புள்ளியையும் அடைப்புக்குறியையும் சொல்லும்படி நிறுத்தற்குறி அளவை உச்சத்தில் வைத்தால் கதை படிக்க முடியாது. எதையுமே சொல்லாதபடி வைத்தால் மெய்ப்புப் பார்க்க முடியாது. என்விடிஏ விசையுடன் 'பி' அழுத்தி வேலைக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொள்ளலாம். எழுதும் செயலிக்கென்று தனி அமைப்புத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி வைத்தால் அது தானே மாறிக்கொள்ளும். தட்டச்சு செய்யும்போது ஒவ்வோர் எழுத்தையும் சொல்ல வேண்டுமா, முழுச் சொல்லை மட்டும் சொல்ல வேண்டுமா என்பதை என்விடிஏ விசையுடன் முறையே 2, 3 ஆகியவற்றை அழுத்தி மாற்றலாம். தமிழில் எழுதப் பழகுகிறவர் எழுத்தொலியை அணைத்துவிடக் கூடாது. 'கு' என்பது கணினிக்குக் ககரமும் உகரக் குறியுமாக இரண்டு; பேக்ஸ்பேஸ் ஒருமுறை அழுத்தினால் குறி மட்டும் போய்க் ககரம் நின்றுவிடும். காதில் கேட்டால் ஒழிய இது தெரியாது.

ஒரு சொல்லை எப்படிப் படிக்க வேண்டும் என்று பதிந்துவைக்கும் பேச்சு அகராதி மிகப் பயனுள்ள வசதி. அதில் ஒரு கண்ணி உண்டு. 'ரூ' என்பதை 'ரூபாய்' என்று படிக்க வேண்டும் என எழுதிவைத்தார் ஆசிரியரின் மகன். அன்று முதல் 'ரூபாய்' என்று முழுதாக எழுதியிருந்த இடமெல்லாம் 'ரூபாய்பாய்' என்று ஒலித்தது. சொல்லின் எப்பகுதியில் 'ரூ' வந்தாலும் அகராதி மாற்றிவிடும் அல்லவா? புள்ளியையும் சேர்த்து 'ரூ.' என்று பதிந்தபின் சரியாயிற்று. சுருக்கக் குறிகளை எப்போதும் அவற்றின் புள்ளியோடே பதிவது பாதுகாப்பு.

இணையப் பக்கத்தில் 'எச்' அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 'கே' அழுத்தினால் அடுத்த இணைப்புக்கும் தாவலாம் என்பது தெரியாதவர், தட்டச்சு செய்யப் போய் எங்கோ தாவிவிட்டதாகவும் விசைப்பலகை கெட்டுவிட்டதாகவும் எண்ணுவார். உலாவும் நிலை, தட்டச்சு நிலை என இரண்டு உண்டு. என்விடிஏ விசையுடன் ஸ்பேஸ் அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும், மாறும்போது ஒரு சிறு ஒலி கேட்கும். அந்த இரண்டு ஒலிகளையும் பிரித்தறியப் பழகுவதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம்.

சேமித்தல்

என்விடிஏவை முறையாக மூடும்போது அமைப்புகள் தாமே சேமிக்கப்படுகின்றன. மின்சாரம் திடீரென்று போனால் அன்று செய்த மாற்றங்கள் போயிற்று. மனத்துக்குப் பிடித்த நிலை வந்ததும் என்விடிஏ, கண்ட்ரோல், 'சி' மூன்றையும் சேர்த்து அழுத்திவிட வேண்டும். ஏதோ ஒன்று குழம்பிவிட்டால், 'சி'க்குப் பதிலாக 'ஆர்' விசையை ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த நிலை திரும்பும். விரைவாக மூன்று முறை அழுத்தினால் எல்லாம் அழிந்து தொடக்க நிலைக்குப் போய்விடும். பதற்றத்தில் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டை முன்பே அறிந்திருப்பது நல்லது.

அமைப்புகள் நிலைபெற்றபின், கருவிகள் பட்டியலில் உள்ள கையடக்கப் பிரதி வசதியைக் கொண்டு, தற்போதைய அமைப்புகளையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் பதிந்து வைக்கலாம். அதைச் செருகி இயக்கினால் மகள் வீட்டுக் கணினியிலும் அதே வேகம், அதே அகராதி கிடைக்கும்; ஈஸ்பீக் குரலும் உடன் வரும், வள்ளுவர் குரல் மட்டும் அந்தக் கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பிரதியால் கணினியின் கடவுச்சொல் கேட்கும் திரையையும் நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டியையும் படிக்க முடியாது. அங்கே மட்டும் நரேட்டரை எழுப்பிக்கொள்ள வேண்டும்.