மருத்துநீர் வாசத்தில் ஒரு மெழுகு அத்தர்

சித்திரை வருடப்பிறப்பன்று கோயிலில் வாங்கிவந்த மருத்துநீரைத் தலையில் வைத்துத் தோய்ந்தவர்களுக்கு அந்த மணம் தெரியும். இனிப்பே இல்லாத மணம். பச்சை இலை, கொஞ்சம் கைப்பு, கடைசியில் ஒரு மிளகுக் காரம். பஞ்சாங்கத்தில் போடும் சரக்குகளைப் பார்த்தால் காரணம் விளங்கும்: தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம் (பசுவின் சலம்), கோமயம் (சாணம்), கோரோசனை, மஞ்சள், சுக்கு, மிளகு, திப்பிலி. (சிவபூசைக்கு ஆகாதென்று தள்ளிவைத்த தாழம்பூ இந்தப் பட்டியலில் மட்டும் முன்வரிசைக்கு வந்துவிடும்.)

யாழ்ப்பாணத்தில் கழிப்பு, சுத்தம் என்று வருகிற எதை எடுத்தாலும் அநேகமாக இதே வகை மணம்தான். துடக்குக் கழிக்கத் தெளிக்கும் மஞ்சள் தண்ணீர், பின்னேரம் காட்டுகிற சாம்பிராணி, நாவூறு கழிக்க வெட்டும் தேசிக்காய். மல்லிகையும் ரோசாவும் கலியாண வீட்டு மணம். ஆகவே இந்த அத்தரில் அவற்றைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் நல்ல சென்ட் வரும், ஆனால் அது வேறு சென்ட்.

இது மருத்துநீருக்குப் பதில் இல்லை என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன். அது கோயிலில் காய்ச்சி, புண்ணியகாலத்தில் வைக்க வேண்டியது. நாங்கள் அதன் வாசத்தை மட்டும் எண்ணெயில் இறக்கப் போகிறோம். இதைப் பூசினால் நாவூறு போகுமா என்று என்னைக் கேட்க வேண்டாம்.

என்னென்ன வேண்டும்

மணம் குறைந்த வெள்ளைத் தேங்காய் எண்ணெய் 100 மில்லிலீற்றர். செக்கு நல்லெண்ணெய் அருமையான எண்ணெய்தான், ஆனால் அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வெட்டிவேர் 15 கிராம். காய்ந்த துளசி ஒரு கைப்பிடி, காய்ந்த வில்வ இலை ஒரு கைப்பிடி. மிளகு ஐந்தாறு. தேன்மெழுகு. பச்சைக் கற்பூரம் ஓர் அரிசி அளவு. சாம்பிராணிக் கட்டி கொஞ்சம்.

கடைச் சென்ட் ஸ்பிரிட்டில்தானே செய்கிறார்கள் என்பீர்கள். பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட் இதற்குச் சரிவராது, அதன் நெடி போகவே போகாது. சாராயத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். தொடங்குகிறவர்களுக்கு எண்ணெயே நல்லது.

வெட்டிவேர் மருத்துநீர்ப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அது இல்லாமல் இந்த அத்தர் நிற்காது. இலை மணங்கள் இலேசானவை, கெதியாகப் பறந்துவிடும். வேரின் மணத் துகள்கள் பாரமானவை, மெதுவாகத்தான் ஆவியாகும். மற்றவை போன பிறகும் தோலில் கிடக்கும். பூக்களை விட்டுவிடலாம், அவற்றில் ஈரம் அதிகம். கோசலத்தையும் கோமயத்தையும் விடச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மஞ்சள் வேண்டாம், சட்டைக் கொலரில் கறை பிடிக்கும்.

1. உலர்த்துதல்

பாதி வேலை இதுதான். இலைகளை நிழலில், காற்றுப் படும் இடத்தில் பரப்புங்கள். முற்றத்து வெயிலில் போட்டால் மணமும் சேர்ந்து போய்விடும். ஒரு வில்வ இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரியும். மணமுள்ள எண்ணெய் இருப்பது அவற்றில்தான். வில்வமும் தேசியும் ஒரே குடும்பம். தேசி இலையிலும் இதே புள்ளிகளைக் காணலாம்.

மடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, பொறுங்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் அடியில் கலங்கி, பூஞ்சணம் பிடிக்கும். வெட்டிவேரில் மண் இருந்தால் அலசி, அதையும் வடிவாகக் காயவிடுங்கள். அமாவாசை, பௌர்ணமி, மாதப்பிறப்பு நாட்களில் வில்வம் ஆய்வதில்லை என்பதை வீட்டுப் பெரியவர்கள் எப்படியும் ஞாபகப்படுத்துவார்கள்.

2. போத்தலுக்குப் புகை காட்டுதல்

சாம்பிராணியை நேரே எண்ணெயில் போட்டால் சரியாகக் கரையாது, பிசினாக அடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. தணலில் சாம்பிராணியைத் தூவி, புகை எழும்பும்போது காய்ந்த கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்துப் பிடியுங்கள். தணலுக்கு ஒரு முழம் மேலே பிடித்தால் போதும். கிட்டப் பிடித்தால் கண்ணாடி வெடிக்கும். உள்ளே புகை வெள்ளையாகத் திரண்டதும் மூடிவிட்டு, ஆறிய பிறகு எண்ணெயை ஊற்றிக் குலுக்குங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் எண்ணெய் புகை மணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

3. எண்ணெயில் இறக்குதல்

வேரைக் கத்தரிக்கோலால் நறுக்கி, இலையைக் கசக்கி, மிளகைத் தட்டிப் போத்தலில் போடுங்கள். ஒரு சட்டியில் துணி விரித்துப் போத்தலை வைத்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, குறைந்த நெருப்பில் இரண்டு மணித்தியாலம் வையுங்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது, விரல் வைக்க முடியாத சூடு போதும். மூடியை இறுக்காதீர்கள். அப்புறம் ஒரு கிழமை அலுமாரிக்குள் வைத்து, இடைக்கிடை குலுக்குங்கள்.

பழைய வேட்டித் துணியால் பிழிந்து வடியுங்கள். சவர்க்கார வாசம் இல்லாத துணியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

4. மெழுகு சேர்த்தல்

30 மில்லிலீற்றர் எண்ணெய்க்கு 10 கிராம் தேன்மெழுகு. குளிர்நாட்டுக் குறிப்புகளில் இதைவிடக் குறைவாகச் சொல்வார்கள். இங்கே சித்திரை வெயிலில் அது கைப்பைக்குள் கூழாகிவிடும். மெழுகு 62 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும் என்பதால் இதையும் சுடுதண்ணீருக்குள் வைத்தே உருக்குங்கள். உருகியதும் எண்ணெயைக் கலந்து இறக்கி, ஓரம் இலேசாக வெளுக்கத் தொடங்கும்போது பொடித்த பச்சைக் கற்பூரத்தைக் கலக்குங்கள். முதலே போட்டால் சூட்டில் ஆவியாகிவிடும். சின்ன டப்பாக்களில் ஊற்றி, முழுதாக ஆறிய பிறகே மூடுங்கள்.

மணிக்கட்டிலும் காதுக்குப் பின்னாலும் ஒரு தொடுகை போதும். பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு மட்டும் மணக்கும். பஸ் முழுக்க மணக்க வேண்டுமென்றால் கடைக்குத்தான் போக வேண்டும். முதலில் முழங்கை மடிப்பில் பூசி ஒரு நாள் பாருங்கள். கற்பூரம் சேர்ந்தது என்பதால் கைக்குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம், பிள்ளைகள் வாயில் வைக்காத இடத்தில் வையுங்கள்.

தேசிக்காய் எங்கே?

பிழிந்த தேசித்தோல் எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் எரிந்து கறுத்துப்போகும். அதனால்தான் அதை மெழுகில் சேர்க்கவில்லை. ஆவியில் வடித்தால் அந்தத் தீங்கான பொருள் ஏறி வராது. பெரிய சட்டியில் ஒரு லீற்றர் தண்ணீர், தேசித்தோல், ஒரு பிடி பச்சைத் துளசி போட்டு, நடுவில் ஒரு கல் வைத்து, அதன்மேல் கிண்ணத்தை வையுங்கள். மூடியைக் கவிழ்த்து மூடி, மேலே ஐஸ் கட்டி வைத்து மெதுவாகக் காய்ச்சினால் ஆவி குளிர்ந்து கிண்ணத்தில் சொட்டும். ஒரு கிளாஸ் சேர்ந்ததும் நிறுத்துங்கள், அதற்குப் பிறகு வருவதில் மணம் குறைவு. குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பத்து நாளுக்குள் வீட்டுக்கும் படுக்கை விரிப்புக்கும் தெளித்து முடியுங்கள், கலங்கினால் ஊற்றிவிடுங்கள்.