வலிப்புக்கு மூளையே போடும் பிரேக்

போன தைப்பூசத்தில் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போன என் தம்பி, விரதம் என்று மாத்திரையையும் விட்டுவிட்டு இரவெல்லாம் கண்விழித்ததில், விடிகாலை ஒரு தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டான். அடுத்த வாரமே பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தார். "கஞ்சாவில் இருக்கிறது நம்ம உடம்பிலேயே இருக்காம், அதைக் கூட்டினால் வலிப்பு நின்னுடுமாம்" என்று சொல்லி அம்மா கையில் ஒரு குப்பி எண்ணெயைத் திணித்தார். குப்பியில் அளவும் இல்லை, யார் செய்தது என்றும் இல்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை. கஞ்சாவில் இருப்பது போன்ற கேனபினாய்டு என்ற வேதிப்பொருளை உடம்பே செய்கிறது. 1992-ல் கண்டுபிடித்த ஒன்றுக்கு ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள், 1995-ல் 2-ஏஜி என்ற இன்னொன்று தெரியவந்தது. ஒரு நரம்பணு பக்கத்து அணுவை அளவுக்கு மீறி உசுப்பினால், உசுப்பப்பட்ட அணு அந்த நொடியே 2-ஏஜியைத் தயாரித்துப் பின்பக்கமாக அனுப்பும். அது முதல் அணுவின் நுனியில் உள்ள சிபி1 என்ற ஏற்பியில் (கேனபினாய்டு வந்து ஒட்டும் இடம்) ஒட்டிக்கொண்டு, பக்கத்து அணுவை உசுப்பும் குளுட்டமேட் என்ற பொருளின் சுரப்பைக் குறைத்துவிடும். சிபி1 நீக்கப்பட்ட எலிகளுக்கு வலிப்பைத் தூண்டினால் அது கடுமையாக வந்தது. ஆனால் இந்த 2-ஏஜி சீக்கிரமே உடைந்துபோகிறது, உடைந்து வரும் பொருள்களோ வலிப்புக்குப் பிறகு மூளையின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன என்பதையும் எலிகளில்தான் பார்த்தார்கள். அதனால் கூட்டினால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

சரி, வீட்டில் என்ன செய்வது?

அந்த எண்ணெயைக் கொடுக்காதீர்கள். கஞ்சாச் செடியில் உள்ள சிபிடி என்ற பொருளைச் சுத்திகரித்துச் செய்த எபிடியோலெக்ஸ் மருந்துக்கு அமெரிக்கா 2018-ல் அனுமதி தந்தது லெனாக்ஸ்-காஸ்டோ, டிராவெட் என்ற இரண்டு கடுமையான வலிப்பு வகைகளுக்குத்தான், 2020-ல் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற நோயில் வரும் வலிப்பும் சேர்ந்தது. அந்த மருந்தும் சிபி1 வழியாகப் பெரிதாக வேலை செய்வதில்லை. குளோபசாம் என்ற வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதனால் தூக்கக் கலக்கம் கூடலாம், வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கல்லீரல் பாதிக்கலாம், அதனால் நரம்பியல் மருத்துவரிடம் முழு மாத்திரைப் பட்டியலோடு போய்க் கேளுங்கள். கஞ்சா எண்ணெய் என்றால் இங்கே மலேசியாவில் 1952 அபாயகரப் போதைப்பொருள் சட்டமும் பாயும், மறக்காதீர்கள்.

நம் கையில் இருப்பது தூக்கமும் மாத்திரை நேரமும்தான். விரதம் இருக்க ஆசையா, முதலிலேயே மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தைத் திட்டமிடுங்கள். தம்பி இப்போது இரவு 9 மணிக்குக் கைப்பேசி அலாரம் அடித்ததும் விழுங்கிவிட்டு, காலியான உறையை அம்மாவிடம் காட்டுகிறான்.

அப்புறம், வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் கரண்டி வைக்கவே வேண்டாம். தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள், இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்பாமலே மறுபடி வந்தால், ஆம்புலன்சுக்கு 999-ஐ அழையுங்கள். அம்மாவுக்கு இன்னும் கை சாவியைத்தான் தேடுகிறது, அதனால் நேரம் பார்க்கும் வேலையை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.